கூடு கட்ட நாரும் கொடுத்து, ஏறி வர வழியும் வைத்து, அப்புறம் அணிலைத் திட்டுவதாம்!

மொட்டு விட்ட டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டை அணில் கடித்துப் போட்டுவிட்டது என்று காரைக்குடிப் பக்கம் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். “பாவம், வாயில்லா ஜீவன், ராமர் தடவிக் கொடுத்ததாச்சே” என்பார்கள். சரிங்க. சேதுவுக்கு மண் சுமந்த கூலியாக முதுகில் மூன்று கோடு வாங்கிக்கொண்டது, கணக்கு அன்றைக்கே முடிந்தது. அதற்கு மேல் நானூறு ரூபாய்ச் செடியின் குருத்தையும் வட்டியாகக் கேட்டால் எப்படி?

ஆனால் கோபம் அணில்மேல் இல்லை. அதனிடம் சட்டியைத் தூக்கிக் கொடுத்தவர்கள்மேல்தான். செடி விற்பவரில் முக்கால்வாசிப் பேர் ஆர்க்கிட்டைத் தேங்காய் மட்டைத் துண்டில், நாரில், இல்லையென்றால் பாசியில் உட்கார வைத்து விற்கிறார்கள். அணில் கூடு கட்ட ஊரெல்லாம் தேடுவதும் அதே நாரைத்தான். சட்டியில் கைவைக்கும் அணிலுக்கு முதலில் வேண்டியது செடியே அல்ல, அதற்கு அடியில் இருக்கும் பஞ்சு போன்ற பொருள். அதை உருவும்போது வேர் அறுகிறது, செடி ஆடுகிறது, புதுக்குருத்து முறிகிறது. நார் பாதி போன சட்டி ஈரம் பிடிக்காது. சித்திரை வெயிலில் மிச்சமும் சுருங்கும். “அணில் தின்னுருச்சு” என்று கணக்கை முடிக்கிறோம். தின்றது கொஞ்சம், நாசமானது நிறைய.

இந்த ஊர் வெயிலுக்கு ஆர்க்கிட் வளர்க்க நார் வேண்டும், கரியில் நட்டால் காய்ந்துபோகும் என்பார்கள். காயும், உண்மைதான். அதற்காகச் சட்டி முழுக்க நாரா? இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் உடைத்த அடுப்புக்கரியும் ஓட்டுச் சில்லும்தான் முக்கியம். ஈரத்துக்கு மட்டைத் துண்டு வேண்டுமானால் சட்டியின் நடுப்பகுதியில் ஒரு கை அளவு போடுங்கள். அதற்கு மேல் இரண்டு அங்குலம் கரியும் சில்லும் மூடி நிற்க வேண்டும். ஓட்டுச் சில்லுக்கு இங்கே பஞ்சமா? இடிகிற வீட்டுக்கு ஒரு குவியல் என்று நாட்டு ஓடு கிடக்கிறது. கோடையில் காலையும் மாலையும் இரண்டு வேளை தண்ணீர் கொடுத்தால் கரிச் சட்டியிலும் டென்ட்ரோபியம் நன்றாகவே நிற்கும்.

அடுத்த கொடுமை உரம். கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர், எலும்புத்தூள், மீன் கரைசல் என்று சட்டியில் விருந்து வைத்துவிட்டு எலி வருகிறதே என்கிறார்கள். அந்த வாசனைக்கு வராவிட்டால்தான் அதிசயம். ஆர்க்கிட்டுக்குத் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 போன்ற கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு தடவை போதும். மாடியில் வற்றலும் வடகமும் காயப்போடும் அதே கைப்பிடிச் சுவரில் சட்டியை வரிசையாக அடுக்கி வைப்பவர்களுக்கு என்ன சொல்ல!

கடித்தது யார் என்று பார்க்காமலே மருந்து வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். பகலில் நார் உருவிச் சிதறிக் கிடந்தால் அணில். பொழுது விடிந்து பார்க்கும்போது தண்டு கத்தியால் சீவியது போலச் சாய்வாக அறுந்து, பக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, இரு முனையும் ஒடுங்கிய புழுக்கை இருந்தால் எலி. புழுக்கை அரிசி அளவுதான் என்றால் சுண்டெலி. பச்சை வேர்நுனி மட்டும் மழுங்கி, சட்டியில் பளபளவென்று சளித்தடம் ஓடினால் அது நத்தை. கம்பிவலையில் ஆயிரம் ரூபாய் போட்டாலும் நத்தை நிற்காது. ராத்திரி டார்ச் அடித்துக் கையால் பொறுக்க வேண்டியதுதான். மூஞ்சூறு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் பிராணி. கரப்பானைப் பிடிக்கத்தான் சட்டிப் பக்கம் வருகிறது. பிள்ளையார்பட்டியை ஒட்டிக் குடியிருந்துகொண்டு மூஞ்சூறை விளக்குமாற்றால் அடிப்பவர்களை அந்தக் கற்பக விநாயகரே பார்த்துக்கொள்ளட்டும்.

இனி வைத்தியங்கள். மிளகாய்த்தூள் தெளி, பூண்டுச் சாறு தெளி, மிளகுத் தண்ணீர் தெளி. மிளகாயின் காரம் அணிலுக்கும் எலிக்கும் எரியும், அதில் பொய்யில்லை. ஆனால் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றும் செடியில் அந்தத் தூள் எத்தனை மணி நேரம் இருக்கும்? காலையில் தூவினால் மாலைக்குள் அத்தங்குடிக் கல் பதித்த தரையில் சிவப்பாக வழிந்து கிடக்கும். காற்றடித்தால் முதலில் எரிவது தூவியவர் கண். ரசகற்பூர உருண்டை இன்னும் மோசம். திறந்தவெளியில் ஆவி நிற்காது, மிட்டாய் என்று எடுத்து வாயில் போடும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. பிளாஸ்டிக் ஆந்தை, ரப்பர் பாம்பு, பழைய சிடி, தலைமுடி, சோப்புத் துண்டு எல்லாம் நாலு நாள் வேடிக்கை. அது அசையாது என்று தெரிந்ததும் அணில் அதன்மேலேயே உட்கார்ந்து கொறிக்கும். காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் பெட்டி விற்கிறார்களே, அந்த ஒலி சுவரையோ சாமான்களையோ தாண்டாது, கொஞ்ச தூரத்திலேயே மங்கிவிடும், கேட்டுக் கேட்டு எலிக்கும் பழகிவிடும். இப்படிப்பட்ட கருவிகளை விற்றவர்களுக்கு ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதே என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2001-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் ஊரில் இன்னும் ‘புதுசு’ என்று விற்கிறது.

விஷம் வைக்கிறேன் என்று கிளம்புகிறவர்களிடம் கெஞ்சித்தான் கேட்க வேண்டும்: வேண்டாம். புரோமாடியோலோன் என்ற எலிவிஷக் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது, ரத்தம் உறையாமல் சில நாள் தள்ளாடும். அந்த நேரத்தில் அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் விஷம் போய்ச் சேரும். எலியை இலவசமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஆளையே கொன்றால் மிச்சம் என்ன? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கு மாற்று மருந்தே கிடையாது, மனிதருக்குக் கல்லீரலே போய்விடும். பசைத்தாள் வைத்தால் ஒட்டிக்கொள்வது பல்லியும் ஓணானும் அணில் குட்டியும்தான். போதாக்குறைக்கு இங்கே தெருவுக்கு நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது, கல்யாணத்துக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான் திறக்கிறார்கள். உங்கள் வீட்டு எலியை ஒழித்தால் பக்கத்து வீட்டு ஓட்டுக்கடியில் இருந்து அடுத்த கூட்டம் வரும்.

ஆகக் கடைசியில் கம்பிவலைதான். அதையாவது ஒழுங்காக வாங்குகிறார்களா? கடையில் “ஆர்க்கிட் சட்டிக்கு வலை” என்றால் ஒரு அங்குலக் கோழிவலையை நீட்டுகிறார்கள். நம் அணில் சின்ன உடம்பு, குட்டியாக இருந்தால் ஒரு அங்குலக் கண்ணில் நெளிந்து நுழைந்துவிடும். வேண்டியது அரை அங்குல, அதாவது 12 மில்லிமீட்டர் கண் உள்ள வெல்டு மெஷ், கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த வலை. சுண்டெலித் தொல்லை இருந்தால் கால் அங்குலக் கண். பிளாஸ்டிக் வலை, நைலான் பறவைவலை இரண்டும் வேண்டவே வேண்டாம். முதலாவதைக் கடித்துவிடும், இரண்டாவதில் பாம்பும் அணிலும் சிக்கிச் சாகும்.

சட்டிக்கு மூடி செய்வது இப்படி. சட்டியின் உள்வாய் அளவுக்கு வலையைத் தகரக் கத்தரியால் வட்டமாக வெட்டுங்கள். விளிம்பிலிருந்து நடு வரை ஒரு பிளவு, அங்கே தண்டுகள் நிற்க ஒரு ஓட்டை. எல்லோரும் கோட்டை விடும் இடம் இதுதான்: ஓட்டையை நட்டநடுவில் வட்டமாகப் போடுகிறார்கள். டென்ட்ரோபியம் ஒரே இடத்தில் நின்று வளராது, பழைய தண்டின் அடிக்கணுவிலிருந்து புதுக்குருத்து முன்னோக்கி முன்னோக்கிப் போகும். அது போகும் பக்கம் பார்த்து ஓட்டையை மூன்று அங்குலமாவது நீட்டி வெட்ட வேண்டும். இல்லையென்றால் அணிலிடம் தப்பிய குருத்தை வலையே நெரித்துவிடும். வெட்டிய முனைகளை உள்ளே மடக்கி, சட்டியின் பக்க ஓட்டைகள் வழியாகக் கட்டுக்கம்பியால் மூன்று இடத்தில் கட்டுங்கள். சும்மா மேலே வைத்த வலையை அணில் ஒரு ஓரமாகத் தூக்கிவிடும். செம்புக் கம்பி மட்டும் கூடாது, ஆர்க்கிட் வேருக்குச் செம்பு ஆகாது.

இந்த மூடி நாரைக் காக்கும், மொட்டைக் காக்காது. மொட்டைக் காக்கச் சட்டியைத் தொங்கவிடலாம் என்பவர்கள் முற்றத்தின் தாழ்வார ஓட்டு விளிம்பில் ஆணி அடிக்கிறார்கள். அணிலுக்கு ராஜபாட்டையே அதுதான்! தொங்கவிடுவதானால் சுவர், தூண், கிளை எதிலிருந்தும் ஆறடியாவது தள்ளி, மெல்லிய கம்பியில் தொங்க வேண்டும். கம்பியில் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைக் கோத்துவிடுங்கள். கால் வைத்ததும் அது சுழலும், பிடி கிடைக்காமல் அணில் சறுக்கும். வீட்டை ஒட்டித் தென்னை இருந்தால் ஏழடி உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி அடிப்பது தோப்புக்காரர்களுக்குத் தெரிந்த வழி, எலி ஏறாது. ஆனால் பக்கத்து மர மட்டை தொட்டுக்கொண்டிருந்தால் தகரத்தால் ஒரு பயனும் இல்லை.

பத்துப் பதினைந்து சட்டிக்கு மேல் இருந்தால் கூண்டே நல்லது. பல புள்ளிக்கு, அதாவது பல பங்காளிக் குடும்பங்களுக்குச் சொந்தமான வீட்டில் தேக்குத் தூணிலோ பளிங்குப் பூச்சுச் சுவரிலோ ஒரு ஆணி அடித்தாலும் பஞ்சாயத்து வரும். அதனால் 25 மில்லிமீட்டர் எல்-ஆங்கிள் இரும்பில் தனியாக நிற்கும் சட்டம் போடுங்கள். வலை நாலு பக்கம் மட்டும் போதாது, மேலேயும் வேண்டும். வலை சேரும் இடத்தில் இரண்டு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வந்து, நாலு அங்குலத்துக்கு ஒரு கட்டு. வெல்டு அடித்த பிறகு கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகப் பூச்சு கொடுத்த வலையாகக் கேட்டு வாங்குங்கள், மற்றது தினசரி ஈரத்தில் முடிச்சு முடிச்சாகத் துருப்பிடித்து விட்டுப்போகும். நிழல்வலையைக் கம்பிவலைக்கு உள்பக்கம் கட்ட வேண்டும். வெளியே கட்டினால் அணில் அதையும் கிழித்துக் கூட்டுக்கு எடுத்துப் போகும். பூங்கதிர் வலையைத் தொடக்கூடாது, நாலு அங்குலம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் அணில் வெளியே நின்றே கடிக்கும். இவ்வளவும் செய்துவிட்டுக் கதவடியில் ஒரு அங்குலச் சந்து விடுவார்கள் பாருங்கள், அங்கேதான் ரத்தம் கொதிக்கும். அந்தச் சந்து ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கவே கூடாது, தகரப்பட்டை அடியுங்கள்.

ஏற்கெனவே கடிபட்ட தண்டை அப்படியே விட்டால் அழுகல் கீழே இறங்கும். நெருப்பில் காட்டி ஆறவைத்த பிளேடால் கடிபட்ட இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தடவி, இரண்டு மூன்று நாள் தண்ணீர் படாமல் வையுங்கள். தூள் வேரில் படக்கூடாது, வேரை உலர்த்திவிடும். நுனி போன தண்டு இனி உயராது. ஆனால் அடிக்கணு உயிரோடு இருந்தால் புதுக்குருத்து வரும், செடியைத் தூக்கி எறியாதீர்கள். சட்டிக்குள் குட்டிகளோடு கூடே இருந்தால் அந்தச் சட்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், குட்டிகள் பால்குடி மறக்கப் பத்து வாரம் ஆகும்.

“இவ்வளவு அழகான வீட்டில் கோழிக்கூண்டு மாதிரி இதென்ன?” என்று கேட்பவர்களுக்கு: வலைக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். பத்தடி தள்ளி நின்றால் வலை கண்ணில் படாது, பூ மட்டும்தான் தெரியும். வெள்ளி நிறத்தில் பளபளவென்று விட்டுவிட்டு அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றிப் போடுபவர்கள் தயவுசெய்து மறுபடி அணிலைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வராதீர்கள்.