டெர்ரி பிராச்செட் அணு விஞ்ஞானி அல்ல

பிரிட்டிஷ் மாயக்கதை எழுத்தாளர் டெர்ரி பிராச்செட்டைப் பற்றி ஒரு நண்பர், "டெர்ரி பிராச்செட் அணு விஞ்ஞானி, ஓய்வு பெற்ற பிறகுதான் மாயக்கதை எழுத வந்தார்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. அவர் கல்லூரிப் பக்கமே போகவில்லை. 17 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, 1965-இல் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தவர். முதல் நாவல் 1971-லேயே வந்துவிட்டது.

அணு உலைக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், 1980 வாக்கில் பிரிட்டன் மின் உற்பத்தி வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய வட்டாரத்தில் சில அணுமின் நிலையங்கள் இருந்தன. ஆனால் அவர் பார்த்தது பத்திரிகைத் தொடர்பு அதிகாரி வேலை. 1987-இல் அதை விட்டதும் முழுநேரமாக எழுதத்தான்.

சரி, அறிவியல் ஆர்வம் பொய்யா? இல்லவே இல்லை. சின்ன வயதில் புரூக் பாண்ட் தேயிலைப் பொட்டலத்தோடு வந்த விண்வெளிப் படஅட்டைகளைச் சேர்த்தவர் அவர். வானியலாளர் ஆக ஆசை, கணிதம் கைகொடுக்கவில்லை. பின்னாளில் வீட்டுத் தோட்டத்திலேயே வானோக்கு அறை கட்டிக்கொண்டார். பூச்சி தின்னும் செடிகளும் வளர்த்தார்.

அப்புறம் அவர் தனக்கெனச் செய்துகொண்ட வாள். அது முழுக்க விண்கல்லால் ஆனது என்று சொல்வதும் சரியில்லை. 2009-இல் சர் பட்டம் கிடைத்ததும், வீட்டுக்குப் பக்கத்து வயலில் இரும்புத்தாது தோண்டி, களிமண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய உலையில் தானே உருக்கினார். விண்கல் துண்டுகளைக் கொஞ்சம் சேர்த்தார், அவ்வளவுதான். வாளாக அடித்து முடிக்க ஒரு கொல்லர் உதவினார்.