நீதி கேட்பது துக்கத்தின் 'இரண்டாம் கட்டம்' அல்ல

"துக்கத்துக்கு 5 கட்டங்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. உறவைப் பறிகொடுத்துவிட்டு இன்னும் நீதி கேட்டு அலைபவர்கள் இரண்டாம் கட்டத்திலேயே சிக்கியவர்கள். வழக்கைக் கைவிட்டால்தான் மனம் ஆறும்." இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறான செய்தி.

1969-இல் வந்த 'ஆன் டெத் அண்ட் டையிங்' என்ற நூலில் அந்த 5 கட்டங்களை எழுதியவர் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ். அவர் பேட்டி கண்டது உறவை இழந்தவர்களை அல்ல, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை. நூலின் துணைத்தலைப்பே இதைச் சொல்லிவிடும். பிற்பாடு துக்கத்துக்கும் அதை விரித்தார், சரி. ஆனால் டேவிட் கெஸ்லருடன் அவர் எழுதி 2005-இல் வந்த நூலைப் புரட்டிப் பாருங்கள்: எல்லோரும் எல்லாக் கட்டங்களையும் கடப்பதில்லை, வரிசையாகவும் கடப்பதில்லை என்று அதிலேயே இருக்கிறது.

அப்புறம், துக்கம் எப்போது நோயாகிறது? உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். இறப்புக்குப் பின் 6 மாதங்களுக்கு மேலும் தீராத ஏக்கம், அன்றாட வாழ்வே முடங்கிப்போவது, அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறிய துயரம் ஆகியவைதான் அங்கே அளவுகோல். நீதிமன்றப் படியேறுவது அதில் இல்லை.

தீர்ப்பு வந்த மறுநாளே துக்கம் தீர்ந்துவிடாது என்பது உண்மைதான். ஒவ்வொரு விசாரணையும் காயத்தைக் கிளறும். அதற்குத் தேவை கூடவே வந்து உட்கார ஒருவர், தேவைப்பட்டால் மனநல ஆலோசகர். வழக்கை விடச் சொல்லும் அறிவுரை அல்ல.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். குறிப்பாக, வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு.