தாத்தா ரங்கூனில் என்ன வேலை பார்த்தார்?

எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ஆண்ட பரம்பரைதான். ஜமீன், பாளையம், அதுவும் வாய்க்காவிட்டால் ராஜா வீட்டில் கணக்குப்பிள்ளை. கடன் வாங்கினவன், கூலிக்குப் போனவன், கைநாட்டு வைத்தவள் வழியில் வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, பெருமை பேசட்டும். ஆனால் அதே ஆட்கள் பரணில் கிடக்கும் தகரப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

எங்கள் வீட்டுக் கதை இது: தாத்தா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதினார், செல்வாக்காக இருந்தார், ஜப்பான்காரன் குண்டு போட்டதில் எல்லாம் போச்சு. சிவகங்கைப் பக்கம் இந்த மாதிரி ஒரு ரங்கூன் கதை இல்லாத வீடு குறைவு. அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த சம்பளச் சீட்டு வேறு கதை சொல்கிறது. ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடை, மூன்று வருஷ வேலை ஒப்பந்தம், சம்பளத்தில் கொஞ்சம் ஊரிலேயே முன்பணம், பார்க்க வேண்டிய வேலை சமையல்.

சித்தப்பாவிடம் காட்டினேன். "இதையெல்லாம் வெளியே சொல்லிக்கிட்டுத் திரியாதடா" என்றார். ஏன் சொல்லக்கூடாது? கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் கடையும் தங்குமிடமுமான கட்டடத்தில், ஏஜெண்டும் அவருக்கு உதவியான அடுத்தாட்களும் ஆளுக்கொரு கைப்பெட்டியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள், ராத்திரி அங்கேயே படுத்தார்கள், அத்தனை பேருக்கும் கடல் தாண்டி ஊர்ச் சோறு பொங்கிப் போட ஒரு ஆள் வேண்டாமா? 1930களில் நெல் விலை விழுந்து, கொடுத்த கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. எங்களிடம் இருக்கிறது அந்த ஒரு வரி, அதைப் போய் மறைப்பானேன்.

கூடவே இரண்டு கடித உறைகள். ஒரு கடிதத்தின் தலைப்பில் "தாது வருஷம் ஐப்பசி" என்று மட்டும் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கொரு தரம் அதே பெயர் திரும்பி வருவதால், பஞ்சத்துக்குப் பேர்போன 1876ம் தாதுதான், 1936ம் தாதுதான். தபால்தலையில் ஐந்தாம் ஜார்ஜ் இருப்பதால் 1936 என்று முடிவு கட்டலாம். இன்னொரு உறையிலும் அதே ஜார்ஜ் தலைதான், ஆனால் மேலே "பர்மா" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. 1937 ஏப்ரல் 1ம் தேதி பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தபோது, புதுத் தபால்தலை வருவதற்குள் இந்தியத் தபால்தலை மேலேயே பெயரைக் குத்தி விற்றார்கள். ஆக, தாத்தா அடுப்படியை விட்டு நகராமலே வெளிநாட்டுக்காரர் ஆகிவிட்டார்.

அப்புறம்தான் புரோ நோட்டுகள். இவற்றைத்தான் சித்தி "கிழிஞ்ச கடன் பத்திரம், வீட்டுக்கு ஆகாது" என்று எரிக்கச் சொன்னார். 1941 டிசம்பர் 23ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் மேற்குக் கரையோர அரக்கான் வழியாகவும் மணிப்பூர் எல்லையோரத் தமு வழியாகவும் நடந்தே கிளம்பினார்கள், வழியில் காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். தாத்தா நடந்து வந்த கதையை எங்கள் வீட்டில் கல்யாணம், காது குத்து, கருமாதி எதிலும் கேட்கலாம். மணியார்டர் நின்றுபோன வீட்டில் அப்பத்தா பிள்ளைகளை என்ன போட்டு வளர்த்தார் என்பதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

அதை நோட்டின் முதுகு சொல்கிறது. முன்பக்கம் ராஜா தலை போட்ட ஒரு அணா ஸ்டாம்பு, அதன் மேல் அப்பத்தாவின் பெருவிரல் ரேகை, மை அதிகமாகி ராஜாவின் மூக்கு காணாமல் போயிருக்கிறது. பின்பக்கம் "வரவு ரூ. 3", "நெல் வகையில் வரவு", மறுபடி "வரவு ரூ. 2" என்று 1947 வரைக்கும் போகிறது. புரோ நோட்டு மூன்று வருஷத்தில் காலாவதியாகும், அதற்குள் கொஞ்சமாவது கட்டி வரவு வைத்துக் கைநாட்டுப் போட்டால்தான் உயிரோடு இருக்கும். பாதி கடன்காரர்கள் அந்த மூன்று வருஷத்தை எப்படியாவது ஓட்டிவிடத்தான் பார்ப்பார்கள், அப்பத்தா ஒவ்வொரு தரமும் போய் ரேகை வைத்திருக்கிறார். இன்னொன்றும் கவனியுங்கள்: நோட்டு கடன் கொடுத்தவர் கையில்தான் இருக்கும், பாக்கியில்லாமல் தீர்த்தால்தான் திரும்பி வரும். அத்தனை நோட்டும் அப்பத்தாவின் பெட்டியில், ஸ்டாம்பின் மேல் குறுக்கே கோடு அடித்துக் கிடந்தன. செல்வாக்கு தாத்தாவுக்காம்!

தயவுசெய்து இந்த மாதிரித் தாள்களை லேமினேஷன் செய்யாதீர்கள், சூட்டில் ஒட்டினது ஒட்டினதுதான், பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், பின்பக்கம் முக்கியம். மொய் நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள், யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று அதைவிடச் சுத்தமாகச் சொல்ல ஆள் கிடையாது. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு சேர்த்துக் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாம் சேகரித்து வைத்ததால்தான் 1994ல் சென்னையில் அவர் பெயரில் ஒரு ஆராய்ச்சி நூலகமே வந்தது.

எனக்கு இப்போது ஒரு உதவி வேண்டும். உங்கள் வீட்டில் மொகல் தெருக் கிட்டங்கிக் கணக்கு ஏதாவது இருந்து, அதில் சமையல்காரருக்கு என்ன சம்பளம் என்று எழுதியிருந்தால் போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். எங்கள் சீட்டில் சரியாக அந்த இடத்தைத்தான் பூச்சி அரித்துவிட்டது.