மவுண்டன் பைக் 1981-இல்தான் பிறந்ததா?

"உலகின் முதல் மவுண்டன் பைக் (கரடுமுரடான மலைப்பாதைக்கான சைக்கிள்) 1981-இல் ஸ்பெஷலைஸ்டு என்ற சைக்கிள் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டம்ப்ஜம்பர்தான்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. தொழிற்சாலையில் பெருமளவில் தயாரித்து விற்ற பெருமை அதற்கு உண்டு, சரி. ஆனால் 1976 அக்டோபரிலேயே கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே, ரீபேக் மலைச்சரிவில் இளைஞர்கள் பந்தயம் நடத்தினார்கள். பலர் ஓட்டியது ஷ்வின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக். அடிவாரம் வருவதற்குள் அந்த பிரேக் இருக்கும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) சூடேறி, கிரீஸ் புகைந்தே தீர்ந்துவிடும். அப்புறம் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம்!

1977-இல், அந்தப் பந்தயங்களில் ஓட்டிய ஜோ பிரீஸ் இந்த மலைப்பாதைகளுக்கென்றே புது ஃபிரேம் செய்தார். 1979-இல் அதே கூட்டத்தைச் சேர்ந்த கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், ஃபிரேம் செய்பவரான டாம் ரிட்சியின் ஃபிரேம்களை வைத்து மவுண்டன் பைக் விற்பனையே தொடங்கிவிட்டார்கள். ஸ்டம்ப்ஜம்பருக்கு முன்மாதிரியே ரிட்சியின் சைக்கிள்தான்.