வயலின்கள் காத்திருக்க வேண்டும்

கௌபாய் படம் என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த விசில்தான். அருமையான விசில், அதில் சந்தேகமே இல்லை. 1964-இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தபோது கையில் காசு குறைவு. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வழியில்லாமல் விசில், சாட்டைச் சத்தம், எலெக்ட்ரிக் கிடார் என்று வைத்துச் சமாளித்தார் இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே. அதுவே ஒரு பாணியாகிவிட்டது. ஆனால் எனக்குத் தொண்டை அடைப்பது அந்த விசிலில் இல்லை. பிறகு முழு ஆர்க்கெஸ்ட்ரா கைக்கு வந்தபோது, அதை வாசிக்க விடாமல் எவ்வளவு நேரம் பிடித்து வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான்.

இதே இருவரின் கூட்டணியில் 1968-இல் வந்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு ரயில் நிலையத்தில் மூன்று பேர் ஒருவனைக் கொல்லக் காத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட பத்து நிமிடத்துக்கு இசையே கிடையாது. காற்றாலை கிறீச்சிடுகிறது. ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. இன்னொருவன் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்து உயிரை வாங்குகிறது. அப்புறம் ரயில் வந்து போன பிறகு ஒரே ஒரு ஹார்மோனிகா, அவ்வளவுதான்.

இப்படிக் காயப்போட்ட பிறகுதான் நாயகி கிளாடியா கார்டினாலே வேறொரு ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார். அழைத்துப் போக வேண்டிய கணவனையும் பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றாகிவிட்டது. நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் மணியைப் பார்க்கிறாள், ஆள் வரவில்லை. இசை மெல்லத் தொடங்குகிறது. பாடகி எட்டா டெல்லோர்சோவின் குரல் சேர்கிறது, அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவள் ஸ்டேஷன் அறைக்குள் போய் வழி கேட்பதை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கும் கேமரா, அப்படியே கூரையைத் தாண்டி மேலே ஏறுகிறது. அந்தப் பக்கம் புழுதியும் வண்டிகளுமாக ஒரு ஊரே பிறந்துகொண்டிருக்கிறது. சரியாக அந்த நொடியில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் எழுகிறது. ஒரு புது ஊரின் பெருமையும் ஒரு பெண்ணின் தலையில் விழப்போகும் இடியும் ஒரே மெட்டில்!

இது எடிட்டிங் மேஜையில் ஒட்டவைத்த பொருத்தமில்லை. மோரிக்கோனே இசையை முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டார். லியோனே அதைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட்டு, கிரேன் ஏறும் வேகத்தை அதற்கேற்ப அமைத்தார். காட்சிதான் இசைக்குப் பின்னால் போகிறது.

'பின்னணி இசை நம்மைக் கையைப் பிடித்து இழுத்து அழவைக்கிற தந்திரம்' என்பவர்கள் உண்டு. முதல் காட்சியிலிருந்தே வயலின்களை இழுத்துத் தள்ளும் இன்றைய பல படங்களைப் பார்த்தால் அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆள் சாவதற்கு முன்பே ஒப்பாரி வைத்துவிட்டால் செத்த பிறகு என்ன செய்வது? எல்மர் பெர்ன்ஸ்டீனின் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' இசை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கேட்டாலே குதிரையேறத் தோன்றும். ஆனால் அது உற்சாகம், வலி இல்லை.

லியோனே-மோரிக்கோனே கூட்டணியின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'யில் வரும் கல்லறைக் காட்சி இன்னொரு விதம். டூக்கோ ஒரு திருடன், அவன் தேடுவது 2,00,000 டாலர் தங்கம். பக்திக்கு இதில் இடமே இல்லை. ஆனால் பியானோவில் தொடங்கி, குரல் ஏறி, பித்தளை வாத்தியங்கள் சேரச் சேர அவன் ஓட்டம் ஏதோ பிரார்த்தனை மாதிரி ஆகிறது. கல்லறைகள் கலங்கிய கோடுகளாகச் சுழல்கின்றன. பேராசைக்காரனுக்காக நாமும் மூச்சு வாங்குகிறோம். இந்த அயோக்கியனுக்குப் போய் இவ்வளவு அழகான இசையா என்று கேட்கத் தோன்றுவதே இசை முடிந்த பிறகுதான்.

இந்த இரண்டு படங்களின் இசைக்கும் ஆஸ்கரில் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. 2007-இல் மோரிக்கோனேவுக்குக் கௌரவ விருது கொடுத்தார்கள். போட்டியில் வென்றது 2016-இல், 87 வயதில், 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்துக்காக. அதுவும் ஒரு வெஸ்டர்ன், அதாவது கௌபாய் வகைப் படம்தான். நல்ல இசைதான், ஆனால் அந்த ஸ்டேஷன் காட்சிக்குப் பக்கத்தில்கூட வராது என்பது என் கட்சி.