பவளம் எத்தனை டிகிரி தாங்கும் என்பது பாதிக் கேள்விதான்

2023 ஜூலையில் ஃப்ளோரிடாவின் மனாட்டீ பே என்ற இடத்தில் ஒரு கருவி 38.4 டிகிரி காட்டியதும் 'கடல் கொதிக்கிறது, பவளமெல்லாம் வெந்துபோச்சு' என்று எங்கு பார்த்தாலும் பகிர்வு. அது கரையோரமாக உள்ள, ஆழமில்லாத, கலங்கலான ஒரு விரிகுடா. பவளப்பாறைகள் வளர்வது வெளியே திறந்த கடல் பக்கம். அங்கே வெப்பம் அந்த அளவுக்கு ஏறவில்லை, ஆனாலும் அந்தக் கோடையில் பவளங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. எனக்கு எரிச்சல் இதில்தான்: உச்ச எண்ணைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுகிறோம், பவளத்தைக் கொன்ற கணக்கோ வேறு.

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா (NOAA), செயற்கைக்கோள்களை வைத்து அந்தக் கணக்கைத் தினமும் போடுகிறது. ஓர் இடத்தில் வழக்கமாக மிகச் சூடாக இருக்கும் மாதத்தின் சராசரியைவிட ஒரு டிகிரியாவது கூடினால் எண்ணத் தொடங்கி, கடைசி 12 வாரங்களில் சேர்ந்ததைக் கூட்டுகிறார்கள். ஒரு டிகிரி கூடுதலாக நாலு வாரம் இருந்தாலும் சரி, இரண்டு டிகிரி இரண்டே வாரம் இருந்தாலும் சரி, விடை 4. நாலைத் தொட்டால் வெளிறலை, அதாவது பவளம் தனக்குள் வாழும் பாசியைச் சூட்டில் இழந்து வெள்ளையாவதை, எதிர்பார்க்கலாம்; எட்டைத் தொட்டால் சாவையும். 2023 கோடைக்குப் பிறகு இந்த நிலைகள் போதாமல் போய், 20க்கு மேல் என்று ஒரு நிலை வரைக்கும் புதிதாகச் சேர்த்தார்கள்.

ஆனால் இது தண்ணீரின் கணக்கு. ஒரே சூட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பவளங்களில் ஒன்று வெள்ளையாகும், இன்னொன்று பழுப்பாகவே இருக்கும். அதை அளக்க வந்ததுதான் சிபாஸ் என்கிற முறை. படகிலேயே தூக்கிக்கொண்டு போகக்கூடிய சில தொட்டிகள். ஒன்றில் அந்த ஊர்க் கோடைச் சூடு, மற்றவற்றில் அதற்கு மேல் 3, 6, 9 டிகிரி. ஒரே பவளத்திலிருந்து ஒடித்த துண்டுகளை ஒவ்வொன்றிலும் போட்டு, மூன்று மணி நேரம் சூட்டை ஏற்றி, மூன்று மணி நேரம் அப்படியே வைத்து, இறக்கி, இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். மொத்தம் 18 மணி நேரம். பவளத்தின் திசுக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் பாசியின் ஒளிச்சேர்க்கைத் திறனை ஓர் ஒளித்துடிப்பு அடித்து அளக்கிறார்கள்; எந்த வெப்பத்தில் அது பாதியாகிறதோ அதுதான் அந்தப் பவளத்தின் எண். 18 மணி நேரம் எப்படி வாரக்கணக்கான வெப்ப அலைக்கு ஈடாகும்? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. 2020இல் வெளியான செங்கடல் ஆய்வில், இரண்டு வெவ்வேறு சூழல்களில் வளர்ந்த பவளங்களை இந்தக் குறுகிய சோதனையிலும் 21 நாள் சோதனையிலும் வைத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் குறுகிய சோதனையிலேயே தெரிந்தது.

அதனால் இது தரவரிசை போட உதவும். எந்தத் துண்டை வளர்த்து மறுபடி நடலாம் என்று தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்து இதைவிட வேகமான வழி இல்லை. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு 'இந்தப் பவளம் சாகாது' என்று எழுதுவதுதான் அபத்தம். அளந்தது உள்ளே இருக்கும் பாசியை, பவள உயிரியின் பசியையோ நோயையோ அல்ல.

அக்காபா வளைகுடாவைப் பற்றி வரும் 'வெப்பத்தை வென்ற பவளங்கள்' கட்டுரைகளும் இந்த ரகம்தான். செங்கடலின் வடமுனையில் கோடை தெற்கைவிடக் குளிர்ச்சி. அங்குள்ள பவளங்களின் முன்னோர் சூடான தென்பகுதியைத் தாண்டி வந்தவை என்பது ஆய்வாளர்களின் விளக்கம், அதனால் உள்ளூர்க் கோடைக்கும் அவை தாங்கும் எல்லைக்கும் நடுவே நிறைய இடைவெளி. அந்த இடைவெளிதான் அவற்றின் சொத்து, கடல் சூடாக ஆக அதுவும் கரையும்.

நம் மன்னார் வளைகுடாவிலும் 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளிறின. அங்கே பாறைகள் தீவுகளைச் சுற்றிச் சில மீட்டர் ஆழத்தில்தான் இருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தின் ஒரு கட்டமோ 5 கிலோமீட்டர், அதுவும் மேற்பரப்புச் சூடு. அடுத்த முறை யாராவது அங்கே 'கடல் வெப்பம் இத்தனை டிகிரி' என்று போட்டால், எந்த ஆழத்தில், எத்தனை நாள், வழக்கமான மே மாதத்தைவிட எவ்வளவு கூடுதல் என்று கீழே கேளுங்கள், நானும் வந்து கேட்கிறேன்.