மாத்திரை முடிந்த நாளும் நோய் முடிந்த நாளும் ஒன்றல்ல

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதுரை விளாங்குடி மண்டபத்தில், லைம் நோயோடு போராடிக்கொண்டிருக்கும் நான் உட்கார்ந்தே இருந்ததைக் கேலி செய்தார்கள்; என் தம்பி மகள் எழுதிய பதிவின் வழியாகப் பெரும்பாலோர் அதை அறிந்திருப்பீர்கள். ஆகவே யார், எந்தப் பக்கத்து உறவு என்றெல்லாம் மீண்டும் விவரிக்கப் போவதில்லை. "அமெரிக்காவுல பூச்சி கடிச்சதுக்கு மதுரையில இம்புட்டு மாசமா ஓய்வெடுக்கிற ஒரே ஆளு எங்க மதினிதான்" என்று ஒலிபெருக்கியில் சொன்னவர், மறுநாள் தொலைபேசியில் அழைத்து, விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்றார். இருக்கட்டும். மண்டபமே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். அதைவிட என்னைத் துன்புறுத்தியது, பந்தியில் என் அருகில் அமர்ந்த படித்த பெண்மணி உண்மையான அக்கறையோடு கேட்டதுதான்: "மாத்திரைதான் முடிஞ்சிருச்சே அக்கா, இன்னும் ஏன் சரியாகல?"

அவருக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. சாம்பார் வாளி வந்துவிட்டது. இங்கே சொல்கிறேன். மாத்திரை முடிவது வேறு, நோய் முடிவது வேறு. லைம் நோயில் இந்த இரண்டுக்கும் இடையில் சிலருக்குச் சில வாரங்கள் இருக்கும், சிலருக்குப் பல மாதங்கள், இன்னும் சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். நான் எந்தக் கூட்டத்தில் இருக்கிறேன் என்பதை மண்டபத்தில் கைதூக்கி முடிவு செய்ய இயலாது.

நோயைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேலி செய்தவர்களுக்கு அது கொசுக்கடி என்றே இன்னும் எண்ணம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1975ஆம் ஆண்டு வாக்கில் அந்த வட்டாரத்துக் குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கியது. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று மருத்துவர்கள் சொன்னதை அந்த ஊர்த் தாய்மார்கள் ஏற்கவில்லை. ஒரே தெருவில் இத்தனை பிள்ளைகளுக்கு எப்படி வரும் என்று விடாமல் கேட்டார்கள். அவர்கள் கேட்டதால்தான் ஆராய்ச்சியே தொடங்கியது. உண்ணி கடிப்பதால் உடலில் புகும் ஒரு சுருள் வடிவ பாக்டீரியாதான் காரணம் என்பதை ஆய்வாளர் வில்லி பர்க்டார்ஃபர் 1982இல் வெளியிட்டார். அமெரிக்காவில் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் இந்த நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. நான் கற்பனையாக ஒரு நோயை இறக்குமதி செய்துவிடவில்லை. வயநாட்டுப் பக்கமிருந்துகூட இந்த நோய் பற்றிய செய்திகள் வந்துள்ளன, மதுரையில் எவரும் கேள்விப்படவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

மகளின் பிரசவத்துக்காகச் சென்ற இடத்தில், வீட்டின் பின்புறம் கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் போடலாம் என்று புல்லை ஒதுக்கிக் கொத்தியது உங்களில் பலருக்குத் தெரியும், படங்கள் போட்டிருந்தேன். அந்த உண்ணியின் இளம் பருவம் கசகசா அளவுதான் இருக்கும். கடித்தால் வலிக்காது. மூன்று நான்கு நாள் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குக் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த தடிப்பு ஒன்று படரும், அதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் 10 நாள் மருந்தோடு கதை முடிந்துவிடும். எனக்கு அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. வந்த காய்ச்சலும் உடல்வலியும் பிள்ளை பெற்றவளோடு இரவெல்லாம் விழித்திருந்த அசதி என்றே வீட்டில் எல்லோரும் கருதினோம். ஊர் திரும்பி, குழந்தையின் படங்களைத் தெருவெல்லாம் காட்டி முடித்த பிறகுதான் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. இங்கே ஒரு மருத்துவர் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, வயதாகிவிட்டது அம்மா, தேய்மானம் என்றார். மீண்டும் வீங்கியது. நான் எந்த ஊருக்குப் போய்வந்தேன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டவர் வேறொருவர். அதன் பிறகுதான் இரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போனது, இரண்டு கட்டச் சோதனை நடந்தது, பெயர் தெரிந்தது.

மூட்டைப் பிடித்த லைம் நோய்க்கு 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை. மண்டபத்தில் சிரித்தவர்கள் அந்த மாத்திரையையும் சற்று அறிந்துகொள்ளட்டும். அதை உண்ணும் காலத்தில் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். நான் உண்டதோ பங்குனி வெயிலில், மதுரையில். பாலோடும் தயிரோடும் சேர்த்து உண்ணக் கூடாது, நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது, படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். காலைக் காபியை அந்த மாத்திரைக்காக நான் தள்ளிவைத்ததை ஒரு தியாகமாகவே கருதுகிறேன், இதில் எவருடைய ஒப்புதலும் எனக்கு வேண்டாம்.

மருந்து தன் வேலையைச் செய்தது. வீக்கம் பாதிக்கு மேல் வடிந்தது. ஆனால் படியிறங்கும்போது முழங்கால் இன்னும் தயங்குகிறது, நண்பகலுக்குள் உடலின் தெம்பு முழுவதும் தீர்ந்துவிடுகிறது, நேற்று வாசித்த பக்கத்தை இன்று மீண்டும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் விடியற்காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று வருவேன். இப்போது ஒரு பக்கம் நடந்ததும் சுற்றுச்சுவரில் அமர்ந்துகொள்கிறேன். அங்கேயும் நலம் விசாரிக்க ஆட்கள் உண்டு.

"கிருமி செத்துவிட்டது என்று மருத்துவரே சொன்ன பிறகும் வலி இருக்கிறது என்றால், அது மனத்தில் இருக்கிற வலி" என்று சொல்வோர் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவர்கள் அறிவியலின் பெயரால் பேசுகிறார்கள். ஐயா, அம்மா, அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. கிருமி இறந்த பிறகும் அதன் உறைச்சுவரின் துணுக்குகள் மூட்டு நீரில் நீண்ட காலம் தங்குவதையும், அவற்றைக் கண்டு உடலின் எதிர்ப்பாற்றல் அமைதியடையாமல் வீக்கத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கக்கூடும் என்பதையும் 2019இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். மூட்டு பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மருந்துக்குப் பிறகும் வீக்கம் தொடர்கிறது. அவர்களுக்கு அடுத்த கட்டமாக முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மருந்துகளையே கொடுக்கிறார்கள். உரிய சிகிச்சை பெற்றவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை ஆறு மாதங்களுக்கு மேலும் அசதி, உடல்வலி, நினைவு மந்தம் என்று துன்பப்படுவதாக மருத்துவ நூல்களே எழுதுகின்றன. நாள்பட்ட லைம் என்ற பெயரை மருத்துவர்கள் பலர் ஏற்பதில்லை, சிகிச்சைக்குப் பிந்தைய தொகுப்பு நோய் என்கிறார்கள். எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் படியிறங்குவது நான்தான்.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும், வந்தும்விட்டது. "28 நாள் போதாது, ஆறு மாதம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், வெளிநாட்டில் அப்படித்தான் குணமாகிறார்கள்" என்று ஒருவர் அன்போடு எழுதியிருந்தார். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2001இல் அமெரிக்காவில், ஒரு மாதம் நரம்பு வழி ஊசியும் அதன்பின் இரண்டு மாதம் மாத்திரையும் பெற்றவர்கள், வெறும் போலி மருந்து பெற்றவர்களைவிட மேம்படவில்லை. 2016இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வும், 12 வாரம் கூடுதலாக உண்டதில் தனிப் பயனில்லை என்றே முடிந்தது. நரம்பில் குழாயை மாதக்கணக்கில் வைத்திருந்து அதன் வழியே வேறு கிருமி புகுந்து இறந்தவர்களும் உண்டு. ஆகவே மருந்தை நீட்டுவதால் குணமாகும் காலம் குறைந்துவிடாது. நான் மருந்தைக் கேட்கவில்லை, காலத்தைத்தான் கேட்கிறேன். அதைக் கொடுக்கத்தான் எவருக்கும் மனமில்லை.

என் உறவினர் ஒருவர் மருத்துவத் துறைக்கு அருகில் இருப்பவர் (மருந்துக் கடை வைத்திருக்கிறார்). இன்னொரு முறை இரத்தத்தைச் சோதித்து, இல்லை என்று வந்தால் எழுந்து நடமாடுங்கள், இருக்கிறது என்று வந்தால் மீண்டும் மருந்து எடுங்கள் என்கிறார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. நோய் தீர்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அது இரத்தத்தில் இருக்கலாம். குணமாகிவிட்டதா என்று அறிய அந்தச் சோதனை உதவாது. இந்த நோய் குணமானதற்குச் சான்றிதழ் தரும் சோதனை எதுவுமே இல்லை, அதனால்தான் நோயாளி சொல்வதை நம்பவேண்டியிருக்கிறது. நம்புவது அவ்வளவு கடினமா?

மதுரைக்காரர்களுக்கு இது புரியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2006ஐ மறந்துவிட்டீர்களா? சிக்குன்குனியா வந்த அந்த ஆண்டில் எங்கள் தெருவில் காலை எழுந்ததும் விரலை மடக்க முடிந்தவர்களை எண்ணிவிடலாம். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தோம். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள், இளைஞர்கள் கூட. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூட்டுவலி மாதக்கணக்கில் நின்றது, சிலருக்கு ஆண்டு கடந்தும் நின்றது. அன்று எவரும் எவரையும் பார்த்து, காய்ச்சல்தான் போய்விட்டதே, இன்னும் ஏன் நொண்டுகிறாய் என்று கேட்கவில்லை. ஏனென்றால் கேட்கக்கூடியவரும் நொண்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கி பிடித்தவர் அந்த ஆண்டு தீபாவளிக்குக்கூடத் தரையில் அமர்ந்து சாப்பிடவில்லை, அவருக்கு நாற்காலி போட்டு இலையை மேசையில் வைத்தவள் நான். கூட்டமாக வந்தால் நோய், தனியாக வந்தால் பாசாங்கு என்பது எந்த ஊர் நியாயம்?

வசதி இருப்பதால் ஓய்வெடுக்கிறாய், கூலி வேலைக்குப் போகிறவள் என்ன செய்வாள் என்று ஒரு கேள்வி. உண்மை. அவள் வலியோடு போவாள். அது நான் வலியோடு நிற்பதற்கான காரணம் ஆகாது, அவளுக்கும் ஓய்வு கிடைப்பதற்கான காரணம். வயதுதான் காரணம் என்போருக்கு: இருக்கலாம், இடது முழங்காலுக்கும் அதே வயதுதான். லேகியம் பரிந்துரைத்தவர்களுக்கு வணக்கம்.

இவ்வளவு எழுதிய பிறகு மனத்தில் அடியில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த ஆண்டில், அவர் எப்போது எழுந்து வேலைக்குப் போவார் என்று ஒரு உறவினர் வாயிலிருந்தும் வரவில்லை. இளநீர் வந்தது, ஆப்பிள் வந்தது, ஒலிபெருக்கி பிடித்த இதே உறவினர் தினமும் விடியலில் தம் காரில் வந்து அவரை நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போனார். அவர் செய்ததை நான் மறக்கவில்லை, இன்றும் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் வீட்டுக்காரரின் மார்பில் தையல் தெரிந்தது, என் முழங்காலில் எதுவும் தெரியவில்லை. தையல் மட்டும்தான் வேறுபாடு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. அன்று அவர் படுத்திருந்தபோது வந்தவர்களுக்குக் காபி கொடுக்க நான் நின்றுகொண்டிருந்தேன். இன்று நான் உட்கார்ந்திருக்கும்போது ஆரத்தி எடுக்க ஆள் இல்லை என்கிறார்கள். அத்தனை பெண்கள் இருந்த மண்டபத்தில் தட்டைத் தூக்க ஒருவருமா இல்லை? என் முழங்காலா அவர்களுக்கு உறுத்தியது, நான் உட்கார்ந்திருந்ததா? என் ஓய்வுக்கு எவரும் செலவழிக்கவில்லை. சமையலுக்கு ஆள் வைத்தது என் ஓய்வூதியத்தில்.

நோயைச் சொல்லிக் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன் என்பீர்கள். கோபம் இருக்கிறதுதான். அதனால் நோயின் கால அளவு மாறிவிடாது. மாத்திரை முடிந்தது, நோய் இன்னும் முடியவில்லை, எப்போது முடியும் என்று என் மருத்துவரே நாள் குறித்துக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் மூட்டு மருத்துவரைப் பார்க்கவிருக்கிறேன், வீக்கம் இதே அளவில் நின்றால் அடுத்த மருந்தைத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதை இங்கே எழுதுவேன். வைகாசியில் இரண்டு கல்யாணங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்றுக்கு வருவேன், மற்றொன்றுக்கு மொய் மட்டும் வரும். எது எதற்கு என்பது சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்.